விவாகரத்தும் சேமலாப நிதிப் பணமும்: ஹட்டனில் ஒரு சட்ட ஆலோசனை அலுவலகத்தின் சேவை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரியும் நிலை வரும்போது, பங்கிடுவதற்கென்று அவர்களிடம் பெரும்பாலும் வீடோ காணியோ இருப்பதில்லை. குடியிருக்கும் லயக் காம்பரா (வரிசை வீட்டு அறை) தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். நகை அடகில் இருக்கும். இருபது, இருபத்தைந்து வருட உழைப்பு பணமாகச் சேர்ந்து கிடப்பது ஊழியர் சேமலாப நிதியத்திலும் (ஈ.பி.எப்.), ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும், வேலையை விட்டு நிற்கும்போது தோட்டம் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணத்திலும்தான். அப்படியிருந்தும் எங்கள் பகுதியில் விவாகரத்து வழக்குப் பேசும் பலர் பிள்ளைகளின் பொறுப்பையும் மாதாந்தத் தாபரிப்பையும் பேசி முடித்துவிட்டு, இந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்துவிடுகிறார்கள். என் சித்தி மகளின் வழக்கை எடுத்து நடத்திய ஹட்டன் அலுவலகம் ஒன்று அப்படிச் செய்யவில்லை என்பதாலேயே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் வழக்கின் விவரங்களோடு பெயரும் சேர்ந்தால் தங்கச்சியை அடையாளம் காண்பது எளிதாகிவிடும்.

அலுவலகம் கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் இருக்கிறது. ஒரு பெண் சட்டத்தரணி, ஒரு முதிய சட்டத்தரணி, கணக்குகளைப் பார்க்கும் இளம் உதவியாளர் ஒருவர் என மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்திருப்பது தோட்டத்து மக்களுக்குப் பெரிய உதவி, ஏனென்றால் வாரநாளில் ஹட்டனுக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய வேலைப் பதிவும் சம்பளமும், போய்விடும். உட்கார இடமும் உண்டு, பேசுவது வெளியே கேட்காதபடி கதவும் உண்டு. இதற்கு மேல் இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் சந்திப்பில் எனக்கு நம்பிக்கையைத் தந்தது அந்தப் பெண் சட்டத்தரணி கேட்ட கேள்விகளின் வரிசை. கணவன் ஏன் போனான் என்று தொடங்காமல், "உங்க ரெண்டு பேருக்கும் ஈ.பி.எப். நம்பர் என்னா? இதுக்கு முன்னாடி வேற தோட்டத்துல வேல செஞ்சிருக்கீங்களா?" என்று தொடங்கினார். தங்கச்சி கொழுந்து பறிப்பவர், அவருடைய கணவர் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கணவர் இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்புக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். கைவிட்டுச் சென்றதை நிரூபிக்கும் வழக்கு அது. நம் நாட்டுச் சட்டத்தில் இருவரும் சம்மதித்துவிட்டோம் என்று சொல்வது மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது என்பதையும், திருமணத்துக்குப் பின்னான பிறர்மனைத் தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்கள். அந்தப் பகுதி எந்தச் சட்டத்தரணியிடமும் கிடைக்கும். இங்கே வேறாக இருந்தது பணத்தைப் பற்றிய பகுதி.

சட்டத்தின் நிலையை அவர்கள் மூடி மறைக்கவில்லை. மலையகத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது, அது வடமாகாணத் தமிழருக்கு உரியது. எங்களுக்குப் பொதுச்சட்டமே பொருந்தும். அதில் கணவன் மனைவிக்கிடையே பொதுச்சொத்து என்ற ஏற்பாடு 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கணவருடைய சேமலாப நிதியில் பாதி மனைவிக்குத் தானாக வந்துசேரும் என்று யாராவது சொன்னால் அது தவறு. அவருடைய கணக்கு அவருடையது, தங்கச்சியின் கணக்கு தங்கச்சியுடையது. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் ஒருவருடைய சொத்திலிருந்து மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு பகுதியை ஒதுக்கவும், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்லவும், மாதாந்தம் செலுத்தச் சொல்லவும் கட்டளையிடலாம். சேமலாப நிதிப் பணத்தை வழக்குக்குள் கொண்டுவரும் வாசல் இதுதான் என்று அந்தப் பெண் சட்டத்தரணி விளக்கினார்.

வெளிநாட்டு உறவினர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருபவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், விவாகரத்து நீதிமன்றம் உரிய வடிவில் கட்டளை பிறப்பித்தால், தனியார் ஓய்வூதியத் திட்டத்தின் நிர்வாகமே முன்னாள் மனைவிக்கோ கணவனுக்கோ உரிய பங்கை நேரடியாகக் கொடுக்க வேண்டும். இங்கே சேமலாப நிதியத்தில் கணக்கை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் அப்படியொரு நடைமுறை இல்லை. கட்டளை உறுப்பினர் மீது விழுகிறது, நிதியத்தின் மீது விழுவதில்லை. பணம் ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் உறுப்பினரின் கைக்கே வரும். வந்த பிறகு அவர் கொடுக்க வேண்டும். எனவே எந்தச் சொல்லில், எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு என்று இணக்க நிபந்தனைகளை எழுதுவதில்தான் ஒரு சட்டத்தரணியின் திறமை தெரிகிறது.

இந்த அலுவலகத்தின் பலம் கணக்குப் பார்ப்பது. கணவருடைய சேமலாப நிதி விவரத்தை மனைவி போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பதால், நீதிமன்ற அழைப்பாணை மூலம் தோட்டத்திலிருந்து பதிவுகளை வரவழைத்தார்கள். அவை வந்த அன்று நானும் இருந்தேன். அந்த இளம் உதவியாளர் ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிமட்டத்தை வைத்து, சம்பளப் பட்டியலில் கழிக்கப்பட்ட தொகையையும் நிதியத்துக்குப் போன தொகையையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அடிமட்டம் நின்றது. கணவரின் பெயர் விவாகப் பதிவில் ஒரு விதமாகவும், செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. அதற்கு முன் வேலை செய்த தோட்டத்தில் அவருக்கு இன்னொரு உறுப்பினர் இலக்கமும் இருந்தது. தொழில்தருநரின் இலக்கம் மாறினால் உறுப்பினர் இலக்கமும் மாறும். பழைய கணக்கு யார் கண்ணிலும் படாமல் அப்படியே கிடக்கும். அந்தப் பழைய இலக்கத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் இணக்கத்தில் கணிசமான தொகை விடுபட்டுப் போயிருக்கும். பெயர் வேறுபாட்டுக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் சத்தியக்கடதாசியும் தேவை என்பதை அன்றே சொல்லி, என்ன எழுத வேண்டும் என்பதையும் எழுதித் தந்தார்கள்.

அடுத்து எதை எதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று காட்டியது எனக்கே புதிய பாடம். சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் கட்டுகிறார்கள், நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம் கட்டுகிறார். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், பேர் போட்ட ஒவ்வொரு நாளுக்கும் சேமலாப நிதியில் 270 ரூபாயும் நம்பிக்கை நிதியத்தில் 40 ரூபாய் 50 சதமும் சேர்கிறது. மாதம் 20 நாள் வேலை என்றால் சேமலாப நிதியில் மட்டும் 5,400 ரூபாய். இவை இரண்டும் விவரப் பத்திரத்தில் தெரியும். தெரியாதது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள விகிதத்தில், கிடைக்க வேண்டும். தொடக்க வருடங்களில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு உழைத்திருந்தாலும் கணக்கு அந்தக் கடைசிச் சம்பளத்திலேயே போடப்படும். 1,350 ரூபாயில் வருடத்துக்கு 18,900 ரூபாய். அந்தத் தோட்டத்தில் தங்கச்சியின் கணவர் முடித்த 22 வருடத்துக்கு 415,800 ரூபாய். எந்த நிதியத்தின் விவரத்திலும் வராத இந்தத் தொகையைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

மூன்றும் வெவ்வேறு நேரத்தில் கைக்கு வருபவை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். சேவைக்காலப் பணம் வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுபட வேண்டியது. நம்பிக்கை நிதியப் பணத்தை வேலையை விட்டவர் வயது வரும்வரை காத்திராமல் எடுக்கலாம். சேமலாப நிதிக்கு வயது வர வேண்டும். ஆகவே கணவர் எந்த நாளிலும் எடுத்துச் செலவழித்துவிடக்கூடிய இரண்டு தொகைகளை முதலில் பேசி முடித்து, காத்திருக்கும் தொகையைப் பின்னால் வைத்தார்கள். கணவரின் சட்டத்தரணியோடு பேசி, சேவைக்காலப் பணத்தில் பெரும்பகுதி மகளின் படிப்புக்கும் தங்கச்சிக்கும் மொத்தத் தொகையாக வரும்படி திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தோட்டம் அந்தப் பணத்தை இன்னும் கொடுத்திராதது இந்த ஒரு விடயத்தில் நல்லதாகப் போயிற்று.

நியாயம் பற்றிய அவர்களுடைய பார்வையையும் பாராட்ட வேண்டும். கணவர் திருமணத்துக்கு முன்பே சில வருடம் வேலை செய்தவர். அந்த வருடங்களின் மீதியைத் தனியாகக் கோடிட்டுக் கழித்துவிட்டு, திருமணக் காலத்தில் சேர்ந்ததை மட்டுமே பங்குக்கு எடுத்தார்கள். அப்படிக் கழிக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் நியாயமான கோரிக்கையை நீதிபதி முன் வைப்பது எளிது என்றார் முதியவர். அதே நேரம் தங்கச்சியின் பக்கத்திலும் ஒரு கணக்கைக் காட்டினார்கள். திருமணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண் தன் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் பெண்களில் பலர் அப்படி எடுத்து, அதிலேயே நகையும் கல்யாணச் செலவும் பார்த்துவிட்டு, பிறகு அதே மலையில் புதிதாகப் பேர் பதிந்து பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார்கள். தங்கச்சியும் அப்படித்தான் செய்தார். அவர் சேர்த்தது அந்தக் குடும்பத்தைத் தொடங்கவே செலவானது, கணவர் சேர்த்தது கணக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. ஐம்பதுக்கு ஐம்பது என்று பேசுவதற்கு முன் இந்த வித்தியாசத்தை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்ததை வாசித்தபோது, கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை யாரோ முழுதாக வாசித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பெண்கள் உழைத்துச் சேர்ப்பதை இப்படிக் கணக்கெடுக்கும் வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி குறைகள். அவை சிறியவை அல்ல.

முதல் வரைவில் சேமலாப நிதிக்கு ஒரு நிலையான தொகையை எழுதியிருந்தார்கள். கணவருக்கு 55 வயதாக இன்னும் வருடங்கள் இருக்கின்றன. நிதியம் ஒவ்வொரு வருடமும் மீதிக்கு வட்டி சேர்க்கிறது. 2023ஆம் ஆண்டுக்கு 13 வீதம் கொடுத்தது. எழுதப்பட்ட தொகை அப்படியே நிற்க, கணக்கில் இருப்பது மட்டும் வளர்ந்தால், தங்கச்சியின் பங்கு வருடத்துக்கு வருடம் தேயும். இதை நான் கேட்ட பிறகுதான், தீர்ப்புத் தேதியில் உள்ள மீதியில் இத்தனை வீதமும், அந்தப் பங்குக்கு நிதியம் அதன்பின் சேர்க்கும் வட்டியும் என்று மாற்றி எழுதினார்கள். மாற்ற மறுக்கவில்லை, மாற்றியதும் சரியாகவே இருந்தது. ஆனால் கேட்கத் தெரியாதவர் கையொப்பமிட்டுவிட்டுப் போயிருப்பார். கணக்கை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் ஓர் அலுவலகம் இதைத் தானாகவே செய்திருக்க வேண்டும்.

பின்னுரித்தாளர் விடயமும் அப்படியே. தங்கச்சியின் சேமலாப நிதியில் பின்னுரித்தாளராகக் கணவரின் பெயரே இன்னும் இருந்தது. தீர்ப்புக் கிடைத்தவுடன் அதை மகளின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உறுப்பினர் இறந்தால் பணம் யாருக்குப் போகும் என்பதை அந்தப் பதிவு தீர்மானிக்கும்போது, விவாகரத்தை நடத்திக் கொடுப்பவர்கள் முதலில் கையில் கொடுக்க வேண்டிய கடதாசி அந்த மாற்றப் படிவம்தான். கணவர் 55 வயதுக்கு முன் இறந்தால் என்ன ஆகும் என்பதும் வரைவில் இல்லை. நாங்கள் கேட்டபின், கணவர் தன் கணக்கில் மகளைப் பின்னுரித்தாளராக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள். கணவர் ஏற்கெனவே 30 வீத முன்கூட்டிய மீளப்பெறுதலை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ எடுத்திருக்கிறாரா, சேமலாப நிதி மீதியைக் காட்டி வீட்டுக்கடன் பெற்றிருக்கிறாரா என்பதை மட்டும் அவர்களாகவே சோதித்தார்கள். பத்து வருடப் பங்களிப்பும் மூன்று இலட்சம் மீதியும் உள்ளவர் அந்த 30 வீதத்தைக் கேட்கலாம் என்பதால், இனி அப்படி எடுத்தால் தங்கச்சியின் பங்கு அதிலிருந்து குறையாது என்ற வரியையும் எழுதினார்கள். ஒன்றில் இத்தனை கவனம், மற்றதில் மறதி. ஒரே கோப்பில் இரண்டும் இருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

மிகப் பெரிய குறை மொழி. இணக்க நிபந்தனைகள் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தன. அந்தப் பெண் சட்டத்தரணி ஒவ்வொரு வரியையும் தமிழில் வாய்மொழியாக விளக்கினார், நன்றாகவே விளக்கினார். ஆனால் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துச் சென்ற பத்திரத்தில் அவரால் வாசிக்கக்கூடியதாக இருந்தவை இலக்கங்கள் மட்டுமே. பல வருடம் கழித்து அந்தப் பணத்தைக் கேட்டு நிற்கப்போகும் பெண்ணுக்கு, எதைக் கேட்கிறார் என்பது அவருடைய மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கேட்டோம். தருவதாகச் சொல்லி, பலமுறை நினைவூட்டிய பிறகு தந்தார்கள். நீதிமன்றத்துக்கு எந்த மொழி தேவையோ அதில் எழுதட்டும், ஆனால் கட்சிக்காரருக்குத் தமிழ்ப் பிரதி கொடுப்பதை இவர்கள் கட்டணத்துக்குள் அடங்கிய கடமையாக ஏற்க வேண்டும்.

கட்டணமும் எழுத்தில் இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு என்று வாய்வழியாகச் சொல்லப்பட்டது, பற்றுச்சீட்டு கேட்டால் மட்டுமே கிடைத்தது. தொகை மற்ற இடங்களைவிட அதிகம் என்று சொல்லமாட்டேன், கணக்கு வேலைக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் பத்தாம் திகதிச் சம்பளத்தை நம்பி வரும் ஒருவர் வழக்கு முடியும்வரை எவ்வளவு ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். வருமானம் மிகக் குறைந்தவர்கள் இங்கே வருவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. தகுதி உள்ளவர்களுக்கு அங்கே கட்டணமின்றி வழக்கு எடுத்துக்கொள்வார்கள். பிரிந்து வாழும் காலத்தில் தனக்கும் பிள்ளைக்கும் உடனடியாகத் தாபரிப்பு மட்டும் தேவை என்றால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றமே போதும்.

அரசாங்கச் சேவையில் உள்ளவர்களின் ஓய்வூதியம் வேறு கதை. மாதாந்த ஓய்வூதியத்தில் பங்கு கேட்பதை விட, விவாகரத்தானவர் பின்னாளில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு உரித்துடையவராக இருக்கமாட்டார் என்பதையே ஆசிரியர் குடும்பங்கள் முதலில் யோசிக்க வேண்டும் என்று அந்த முதியவர் என்னிடம் சொன்னார். அந்த வகை வழக்கை இவர்கள் எப்படி நடத்துவார்கள் என்று நான் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றிய மதிப்பீடு இதில் இல்லை.

முதல் தீர்ப்பாணைக்குப் பின் மூன்று மாதம் கழிந்து தங்கச்சியின் விவாகரத்து முடிவாகிவிட்டது. சேவைக்காலப் பணத்தின் பங்கு வங்கிக் கணக்குக்கு வந்து, மகள் உயர்தர வகுப்புக்கு நுவரெலியாவில் தங்கிப் படிக்கிறாள். சேமலாப நிதியின் பங்குக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். கணவருக்கு 55 வயதாகும் மாதத்தைக் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பு தொழில் அலுவலகத்துக்கும் அவருக்கும் தீர்ப்பின் பிரதியோடு கடிதம் அனுப்புவதாக அலுவலகம் சொல்லியிருக்கிறது; அதை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.

தோட்டத்தில் வேலை செய்த கணவனோ மனைவியோ பிரியும் வழக்குக்கு இந்த அலுவலகத்தை நான் பரிந்துரைப்பேன். போகும்போது இருவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், விவாகப் பதிவு, கிடைக்கும் பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாம், முன்பு வேலை செய்த தோட்டங்களின் பெயர்கள், சேமலாப நிதி இலக்கம் எழுதிய எந்தத் துண்டாக இருந்தாலும் அதையும் கொண்டு போங்கள். கையொப்பமிடுவதற்கு முன் கட்டணத்தை எழுத்திலும் நிபந்தனைகளைத் தமிழிலும் கேளுங்கள். தொகைக்கு வட்டி சேருமா, பின்னுரித்தாளர் யார் என்ற இரண்டையும் நீங்களாகவே கேளுங்கள். கேட்டால் ஒழுங்காகச் செய்து தருகிறார்கள்.